பிள்ளை முன்னே, பெரியவர்கள் பின்னே

தாகம் எடுத்த மூன்று வயதுப் பையன் சமையலறைக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "தண்ணி வேணுமா?" என்கிறான். தனக்கு வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான். இதுவரை அவனுக்குத் தண்ணீர் கிடைத்த ஒவ்வொரு முறையும் டம்ளருக்கு முன்னால் வந்த சொல் அதுதான். தண்ணீரை வரவழைக்கும் சொல் அது என்று எடுத்துக்கொண்டுவிட்டான். பசித்தால் "மம்மு சாப்புடுறியா?", வெளியே போக ஆசை வந்தால் "டாட்டா போலாமா?". ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை. "சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்றானே" என்று பாட்டி கவலைப்படுவார். தெரபி மையத்துக் கோப்பில் எக்கோலேலியா, அதாவது எதிரொலிப் பேச்சு என்று எழுதி, குறைக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்.

இந்தப் பேச்சை முதலில் கூர்ந்து கவனித்தவர்களில் ஒருவர் லியோ கான்னர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த அவர், 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற நோயறிதலின் வரலாற்றைப் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒரு சிறுவன் கையில் கிடைத்ததைத் தூக்கி எறியத் தோன்றும்போதெல்லாம், நாயை மாடியிலிருந்து போடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அறையில் நாயும் இருக்காது, மாடியும் இருக்காது. விசாரித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் விடுதி ஒன்றின் மாடியிலிருந்து அவன் பொம்மை நாயை வீசிக்கொண்டே இருந்ததும், எடுத்து எடுத்துச் சலித்த தாய் அப்படிச் சொல்லித் தடுத்ததும் தெரியவந்தன. அன்றிலிருந்து எதையும் எறியக் கூடாது என்பதற்கு அவனிடம் இருந்த வாக்கியம் அதுவே. கேட்பவருக்கு உளறலாகப் பட்டது, அந்தப் பிள்ளையின் வாழ்க்கை தெரிந்தவருக்குத் தெளிவான பேச்சு.

கான்னர் இதைக் கண்டுகொண்ட பின்னும் பல ஆண்டுகள் எதிரொலிப் பேச்சை ஒழிக்க வேண்டிய பழக்கமாகவே நடத்தினார்கள். 1981இல் பாரி பிரிசன்ட், ஜூடித் டூகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நான்கு பிள்ளைகளைக் காணொளியில் பதிவுசெய்து, அவர்கள் திருப்பிச் சொன்ன ஒவ்வொன்றையும் சொன்ன நேரத்தோடும் பார்வையோடும் கை அசைவோடும் சேர்த்துப் பார்த்தார்கள். உடனுக்குடன் திருப்பிச் சொல்லும் பேச்சுக்கு மட்டுமே ஏழு விதப் பயன்கள் தெரிந்தன: ஆமென்பது, வேண்டுமென்பது, பேச்சில் தன் முறையை எடுத்துக்கொள்வது, தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்வது என்று. எப்போதோ கேட்டதைப் பிறகு சொல்வதை 1984இல் ஆராய்ந்தபோது 14 பயன்கள் தெரிந்தன.

இப்போது அந்தத் தாய்க்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. டம்ளரை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "'எனக்குத் தண்ணி வேணும்'னு சொல்லு, தரேன்" என்று காத்திருக்கலாம். அல்லது தண்ணீரைக் கொடுத்தபடியே, பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து, "எனக்குத் தண்ணி வேணும்" என்று அவனுக்காகச் சொல்லிக் காட்டலாம். இரண்டிலும் மொழி கற்பிக்கப்படுகிறது. ஆனால் முதலாவதில் அவன் சொன்னது செல்லாது என்று ஆகிவிடுகிறது. இரண்டாவதில் அவன் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது. நரம்பியல் பன்மை உள்ள பிள்ளைகளை மதித்துத் துணைநிற்பது என்று இன்று பேசப்படுவதன் உள்ளடக்கம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழிதான்: யார் யாருக்கு ஏற்ப முதலில் மாறுவது என்ற கேள்விக்கு, பெரியவர்கள் மாறட்டும் என்று சொல்வது.

ஆட்டிசம், கவனக்குறைவும் துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமங்கள் ஆகியவற்றையெல்லாம் மனித மூளைகளிடையே இயல்பாக உள்ள வேறுபாடுகளாகக் காணும் பார்வைக்கு நரம்பியல் பன்மை என்று பெயர். 1990களில் ஆட்டிசம் உள்ளவர்களே தங்களுக்குள் பேசிப் பேசி இதை உருவாக்கினார்கள். 1993இல் கனடாவின் டொரண்டோவில் நடந்த மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோரை நோக்கிப் பேசினார். தாங்கள் கனவு கண்ட பிள்ளை பிறக்கவில்லையே என்ற துக்கத்தை, இருக்கும் பிள்ளையின் தலையில் இறக்க வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். இப்பார்வை குறைபாடே இல்லை என்று சொல்வதாகச் சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது சரியல்ல. சிரமம் உண்டு, உதவி வேண்டும், சட்டப்படி உரிமைகளும் வேண்டும். உதவி எதற்காக என்பதில்தான் கருத்து மாறுகிறது: பிள்ளை மற்றவர்களைப் போலத் தோன்றுவதற்கா, அவன் வாழ்க்கை அவனுக்கு நன்றாக இருப்பதற்கா?

இது எங்கோ சில வீடுகளின் விஷயம் அன்று. 2018இல் வெளியான ஓர் ஆய்வு பல்வல், காங்ரா, டெங்கானல், ஹைதராபாத், வட கோவா என்று இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரை உள்ள 3,964 பிள்ளைகளைப் பரிசோதித்தது. பார்வை, செவித்திறன் குறைபாடுகளையும் வலிப்பையும் சேர்த்து, நரம்பு வளர்ச்சி சார்ந்த ஏதேனும் ஒரு நிலை 6 வயதுக்குட்பட்டவர்களில் 9.2 விழுக்காட்டினருக்கும் அதற்கு மேற்பட்டவர்களில் 13.6 விழுக்காட்டினருக்கும் இருந்தது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பறையில் நாலைந்து பேர்.

பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அம்மாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். முதலில் குற்றம் சாட்டப்படுபவர் அவர்தான்.

கான்னரே 1940களின் இறுதியில் இந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒருவிதக் குளிர்ச்சி இருப்பதாகவும், பிள்ளைகள் குளிர்பெட்டியில் வைக்கப்பட்டது போல வளர்வதாகவும் எழுதினார். சிகாகோவில் உறைவிடப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூலில் இதை இன்னும் கடுமையாக்கினார். தாயின் வெறுப்பிலிருந்து தப்பிக்கவே பிள்ளை தனக்குள் ஒடுங்குகிறது என்பது அவர் வாதம். வளர்ப்பே காரணம் என்ற கருத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பன். 1964இல் அவர் வெளியிட்ட நூல், காரணம் வளர்ப்பில் இல்லை, உடலியலில் இருக்கிறது என்று சான்றுகளோடு நிறுவியது. அதற்கு முன்னுரை எழுதியவர் கான்னர். 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் எழுந்து, உங்களை விடுவிக்கிறேன் என்று அவர் அறிவித்தபோது அரங்கம் எழுந்து நின்றதாகச் சொல்வார்கள். ஆனால் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எத்தனையோ தாய்மார்கள் தங்களைத் தாங்களே குற்றவாளியாக நினைத்து வாழ்ந்து முடித்துவிட்டார்கள்.

நம் ஊரில் பெட்டல்ஹைமைப் படித்தவர்கள் குறைவு. தீர்ப்பு மட்டும் அதேதான். "நீ வேலைக்குப் போயிட்ட, பிள்ளைகிட்டப் பேச ஆளில்ல." "சோறூட்டறப்ப செல்லைக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்ட." "நாலு பிள்ளைங்களோட விட்டிருந்தா தன்னால பேசியிருப்பான்." நாக்கில் வசம்பு தடவுவதும், பேச்சு வர வேண்டிக்கொள்வதும் ஒருபுறம் நடக்கும், அவற்றைப் பாசத்தின் வெளிப்பாடு என்று ஏற்றுக்கொண்டுவிடலாம். கைப்பேசித் திரை பிள்ளையின் உறக்கத்தையும் விளையாட்டையும் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஆட்டிசம் பெரிதும் மரபணு சார்ந்தது என்பதை இரட்டையர் ஆய்வுகள் 1977இலிருந்து மறுபடி மறுபடி காட்டிவருகின்றன. பிள்ளைக்கு நோயறிதல் கிடைக்கும் முதல் நாளில் மருத்துவர் அந்தத் தாயிடம், மாமியாரும் கணவரும் கேட்கும்படி, "இது நீங்க செஞ்சதால வந்ததில்ல" என்று சொல்வதை நான் எந்த மருந்துக்கும் மேலான சிகிச்சையாகக் கருதுகிறேன். குற்ற உணர்வில் இருப்பவர் பிள்ளையைக் கவனிக்க முடியாது. தன்னைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்.

அடுத்து வருவது தெரபி. வழக்கமான மையம் ஒன்றில் என்ன நடக்கிறது? பலகையால் தடுத்த சின்ன அறை. சுவரை ஒட்டி மேசை. பிள்ளை எழுந்து ஓடிவிடாதபடி நெருக்கிப் போட்ட நாற்காலி. பெக் போர்டு, மணி கோர்ப்பது, வண்ணம் பிரிப்பது. கையை உதறினால் "ஹேண்ட்ஸ் டவுன்", முகத்தைப் பார்க்காவிட்டால் "லுக் அட் மீ". முக்கால் மணி நேரம். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. உள்ளே நடந்தது எதையும் அவர் பார்ப்பதில்லை. முடிந்ததும் கதவைத் திறந்து, "இன்னைக்கு சிட்டிங் பரவால்லம்மா" என்ற ஒரு வரி கிடைக்கும். அங்கே வேலைசெய்யும் இளம்பெண்கள் பெரும்பாலும் அன்பானவர்கள், குறைந்த சம்பளத்தில் உழைப்பவர்கள். முறைதான் கேள்விக்குரியது.

அந்த முறையின் மூதாதை ஐவர் லோவாஸ். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 40 மணி நேரம் நடத்தைப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்ற பிள்ளைகளிலிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆனார்கள் என்று சொன்னார். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் செய்த ஆய்வு அது. சத்தம் போட்டு அதட்டுவதும், சில சமயம் தொடையில் அடிப்பதும் பயிற்சியில் இருந்தன. ஆனாலும் அந்த 40 மணி நேரம் உலகம் முழுக்கப் பெற்றோரின் மனத்தில் ஆணிபோல இறங்கிவிட்டது. கடன் வாங்கி, நகை விற்று, ஊரை விட்டுச் சென்னைக்கோ கோவைக்கோ குடிவந்து, காலையில் ஸ்பீச், மதியம் ஆக்குபேஷனல் தெரபி, மாலையில் பிஹேவியர் என்று பிள்ளையைக் கொண்டு அலையும் குடும்பங்களை விரட்டுவது அந்த எண்தான். மைக்கேல் சாண்ட்பேங்க் குழு 2024இல் 144 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 9,038 பிள்ளைகளையும் சேர்த்து அலசியபோது, பயிற்சியின் நேரம் கூடக்கூடப் பலன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதைவிட என்னை உறுத்தும் கணக்கு வேறொன்று. 150 ஆய்வுகளைத் திருப்பிப் பார்த்த கிறிஸ்டன் பொட்டெமா-பியூட்டல் குழு, பிள்ளைக்குத் தீங்கு ஏதும் நேர்ந்ததா என்ற பேச்சையே அவற்றில் 139 எடுக்கவில்லை என்று 2021இல் காட்டியது. தலைவலி மாத்திரைக்குக்கூடப் பக்கவிளைவு எழுதுகிறோம்.

கை உதறுவதையே எடுத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் ஸ்டீவன் காப் குழு 2019இல் கேட்டபோது, மனம் கொந்தளிக்கும்போது தங்களை அடக்கி நிறுத்துவது அந்த அசைவுதான் என்றார்கள். அதை நிறுத்தச் சொன்னால் அசைவு நின்றுவிடும்; கொந்தளிப்பு நிற்காது. மறைத்துப் பழகிய பிள்ளை பள்ளியில் நல்ல பெயர் எடுத்துவிட்டு, வீட்டு வாசலைத் தாண்டியதும் வெடிக்கும். "ஸ்கூல்ல சமத்தா இருக்கானாம், எங்கிட்ட மட்டும்தான் இப்படி" என்று அம்மா சொல்வதைக் கேட்ட ஆசிரியர், வீட்டு வளர்ப்பு சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

மாற்று வழி இருக்கிறதா? இருக்கிறது, நம் நாட்டிலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஜொனதன் கிரீன் தலைமையில் மான்செஸ்டர், லண்டன், நியூகாசில் நகரங்களில் 152 சின்னஞ்சிறு பிள்ளைகளோடு ஒரு முறை சோதிக்கப்பட்டது. பிள்ளைக்குத் தெரபிஸ்ட் பயிற்சி தருவதில்லை. பிள்ளையும் பெற்றோரும் விளையாடுவதைப் படமெடுத்து, அதைப் பெற்றோரோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். 2010இல் வந்த முதல் முடிவுகள் சுமாராகவே இருந்தன. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்தபோது, அந்தக் குடும்பங்களில் முன்னேற்றம் நிலைத்திருந்தது. இம்முறையைத் தெற்காசிய வீடுகளுக்கு ஏற்ப மாற்றி, கோவாவின் சங்காத் அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் உள்ள ஆய்வாளர்களும் சேர்ந்து 2 முதல் 9 வயது வரை உள்ள 65 பிள்ளைகளோடு நடத்திய சோதனை, லான்செட் சைக்கியாட்ரி இதழில் 2016இல் வந்தது. இங்கே வீட்டுக்குப் போனவர்கள் தெரபிஸ்டுகள் அல்லர். மருத்துவமோ உளவியலோ தொழிலாகப் படிக்காத, பயிற்சி கொடுத்து மேற்பார்வையில் வைக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 சந்திப்புகள், அவ்வளவே.

சந்திப்பு எப்படி இருக்கும் என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கூடத்துத் தரையில் பாய். நாலைந்து பொம்மைகள். அம்மாவும் பிள்ளையும் சில நிமிடங்கள் விளையாடுகிறார்கள், பணியாளர் படமெடுக்கிறார். பிறகு அம்மாவும் அவரும் அருகருகே உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். பிள்ளை காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அம்மா, "இது என்ன கலர்? சொல்லு, ரெட்டு. கார் எப்படிப் போகும்? டுர்ருனு ஓட்டு" என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். பிள்ளை முதுகைத் திருப்பிக்கொள்கிறான். இன்னும் கொஞ்சம் ஓடியதும் அம்மா களைத்துப்போய்ப் பேச்சை நிறுத்துகிறார். அவர் விரலும் தன்னையறியாமல் இன்னொரு சக்கரத்தைச் சுற்றுகிறது. பிள்ளை நிமிர்ந்து அந்த விரலைப் பார்க்கிறான், பிறகு முகத்தைப் பார்க்கிறான். பணியாளர் படத்தை நிறுத்துவது இந்த இடத்தில்தான். "இங்க என்ன நடந்துச்சு பாருங்கக்கா" என்று மட்டும் கேட்கிறார். பதிலை அம்மாவே சொல்ல வேண்டும். "நான் சும்மா இருந்தேன்… அவன் பண்ணுனதையே நானும் பண்ணேன்." அந்த வாரத்து வீட்டுப் பாடம் அதுவே: நாளுக்குச் சிறிது நேரம், கேள்வி கேட்காமல், பிள்ளை பார்ப்பதைத் தானும் பார்த்து, அவன் மனத்தில் ஓடுவதை ஒரு சொல்லில் சொல்லிக் காத்திருப்பது. "சுத்துது." காத்திருப்பு. "சுத்துது சுத்துது."

தவறைக் காட்டும் இடத்தில் படம் நிறுத்தப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, தான் சரியாகச் செய்த அரை நிமிடம் கண்ணெதிரே திரும்பத் திரும்ப ஓடுகிறது. பெற்றோருக்குத் துணைநிற்பது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சோதனையின் முடிவில் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பெற்றோர் பேசுவது பெருமளவு கூடியிருந்தது. பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியிருந்தது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்திருந்தது. அதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 65 பிள்ளைகள் என்பது சிறிய எண். ஆனாலும் நிபுணர்கள் இல்லாத ஊரில், வீட்டுக் கூடத்தில், குறைந்த செலவில் இது நடக்கும் என்பது அதிலிருந்து உறுதியானது.

தொடர்பு அறுவதற்கு இரு தரப்பும் பொறுப்பு என்ற இந்த எண்ணத்தை, ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012இல் கோட்பாடாக முன்வைத்தார். எடின்பரோவில் கேத்தரின் கிராம்டன் குழு 2020இல் ஒருவர் காதில் ஒருவராகக் கதை கடத்தும் சோதனை நடத்தியது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, இல்லாதவர்கள் மட்டுமே இருந்த வரிசைக்குச் சமமாகக் கடத்தியது. கலந்து நின்ற வரிசையில்தான் கதை அதிகம் சிதைந்தது. அதே குழு பின்னர் பெரிய அளவில் செய்த சோதனையில் கலப்பு வரிசைகள் அப்படிப் பின்தங்கவில்லை. ஆகவே கோட்பாட்டை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தொடர்புத் திறனே கிடையாது என்ற பழைய நம்பிக்கைக்கு இரண்டு சோதனைகளிலும் இடமில்லை.

இங்கே ஒரு தகப்பன் குறுக்கிட்டுக் கேட்பார், கேட்கவும் வேண்டும்: "மாநாட்டுல பேசறவங்களுக்கு இதெல்லாம் சரிங்க. என் பையனுக்குப் பதினாலு வயசு. ஒரு வார்த்தை பேசமாட்டான். கோபம் வந்தா தலையைச் சுவத்துல முட்டிக்கறான். இதையும் பன்மைன்னு கொண்டாடவா?" லான்செட் இதழ் அமைத்த ஆணையம் 2021இல், பேச்சு மிகக் குறைந்த, எப்போதும் ஒருவர் கூடவே இருக்க வேண்டிய பிள்ளைகளைத் தனியாகக் கணக்கில் எடுக்கும்படி பரிந்துரைத்தது இதனால்தான். அந்தத் தகப்பனின் களைப்பை அழகான சொற்களால் மூடக் கூடாது. ஆனால் தலையை முட்டிக்கொள்ளும் பையனிடம்தான், அவன் என்ன சொல்ல முயல்கிறான் என்ற கேள்வி மிக அவசரமானது. பல்வலியா, காதுவலியா, மலச்சிக்கலா என்று முதலில் பார்க்க வேண்டும். நடத்தைக் கோளாறு என்று எழுதிவிட்டால் பல் மருத்துவரிடம் யாரும் அழைத்துப் போக மாட்டார்கள்.

பேச்சு வராதவருக்கு வேறு வழியில் மொழி வேண்டும். படங்களைத் தொட்டால் குரல் கொடுக்கும் 'ஆவாஸ்' என்ற செயலி பிறந்தது சென்னையில். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகர் பள்ளியின் பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து உருவாக்கியது அது. பெற்றோர் பலர் தயங்குகிறார்கள்: "படத்தைத் தொட்டுப் பழகிட்டா அப்புறம் வாயைத் திறக்கவே மாட்டானே?" 2006இல் மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் செய்த தொகுப்பாய்வில், நம்பகமான சான்று இருந்தவர்களில் இப்படிப்பட்ட மாற்றுவழியால் பேச்சு குறைந்த ஒருவர்கூட இல்லை; 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியிருந்தது. தொகுப்பில் இருந்தவர்கள் சிலரே என்றாலும் அச்சத்தைப் போக்க அது போதும். "வேண்டாம்" என்று சொல்ல ஒரு பொத்தான் கிடைத்த பிள்ளைக்குத் தலையை முட்ட வேண்டிய காரணங்களில் ஒன்று குறைகிறது.

வீட்டுக்கு வெளியே குடும்பம் சந்திக்கும் முதல் சோதனை, சடங்கு. குலதெய்வக் கோயிலில் மொட்டையடிக்க வேண்டும். ஈரத் தலையில் கத்தி உரசும் ஒலி, பிடித்து அமுக்கும் நாலு கைகள், மேளம், ஒலிபெருக்கி, வெயில். தொடுகையும் ஓசையும் மற்றவர்களைவிடப் பலமடங்கு உறைக்கும் பிள்ளைக்கு அது சடங்கு இல்லை, தாக்குதல். வீட்டிலேயே, அவன் தூங்கும்போது, ட்ரிம்மரால் வெட்டி முடியைக் கொண்டுபோய்ச் செலுத்தும் குடும்பங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு நகரத்தை விட்டு வெடிச்சத்தம் எட்டாத ஊருக்குப் போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். உறவினர் முகம் சுளிப்பார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்பே எழுந்து போவதற்கு விளக்கம் கேட்பார்கள். பிள்ளைக்குத் துணைநிற்பது என்றால் சித்தப்பாவும் அத்தையும் அந்த விளக்கத்தைக் கேட்காமல் இருப்பதும்தான். இக்குடும்பங்களின் தனிமையைத் தமிழில் முதலில் விரிவாக எழுதியவர்களில் யெஸ். பாலபாரதி முக்கியமானவர். அவருடைய 'துலக்கம்' நாவலைக் கொடுத்தால், அறிவுரை சொல்லும் மாமாக்களில் சிலராவது வாயடைத்துப் போவார்கள்.

பிறகு அரசு அலுவலகம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகைகளை 21 ஆக்கியபோதுதான் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. ஏ.டி.எச்.டி. இன்னும் வரவில்லை. சான்றிதழுக்காகச் செகந்திராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கிய அளவுகோலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐ எட்ட வேண்டும். கண்ணைப் பார்ப்பதில்லை, சிரிப்பதில்லை, மற்ற பிள்ளைகளோடு சேர்வதில்லை என்று கேள்விகள் வரிசையாக வரும். 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சலுகை கிடைக்காது. ஆகவே அந்த நாற்காலியில் உட்காரும் பெற்றோர், பிள்ளையால் முடியாதவற்றைத் தேடித் தேடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் முதன்முதலாக அக்காவுக்கு பிஸ்கட் பிட்டுக் கொடுத்ததைச் சொன்னால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று தயங்கி விழுங்கிவிடுகிறார்கள். பக்கத்திலேயே அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். பேசாதவனுக்குக் காது கேட்காது என்று எவரும் நிரூபிக்கவில்லை. அளவுகோல் தேவைதான். வருமான வரிக் கழிவும், தேசிய அறக்கட்டளையின் ஒரு லட்ச ரூபாய் 'நிராமயா' மருத்துவக் காப்பீடும், தேர்வில் கூடுதல் நேரமும் அந்தத் தாளை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் பிள்ளையை வெளியே விளையாட விட்டுவிட்டுப் பெற்றோரிடம் தனியாகக் கேட்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. இவனுக்கு என்ன உதவி தேவை என்ற ஒரு பத்தியைச் சான்றிதழில் சேர்ப்பதற்குக் காகிதம்தான் கொஞ்சம் கூட வேண்டும்.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அங்கே நடந்திருப்பது சுருக்கமாகவே இருப்பதால். தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சிறப்பாசிரியர்கள் ஒரு வட்டாரத்தின் பல பள்ளிகளுக்கும் சேர்த்து அலைகிறார்கள். தனியார் பள்ளிகளோ உதவியாளரைப் பெற்றோரே சம்பளம் கொடுத்து அனுப்பட்டும் என்கின்றன.

இத்தனைக்கும் அடியில் ஒரு கேள்வி எல்லாப் பெற்றோரிடமும் இருக்கிறது, சத்தமாகச் சொல்லாமல்: எங்களுக்கப்புறம் யார்? 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. 18 வயது முடிந்தவருக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கலாம். தாள் கிடைக்கும், இருக்க இடமும் கூட இருக்க ஆளும் தாளோடு வருவதில்லை. சின்ன வயதில் "வேண்டும்", "வேண்டாம்", "வலிக்குது" என்று தன் வழியில் சொல்லவும், சொன்னது கேட்கப்படும் என்று நம்பவும் பழகிய பிள்ளைக்கு, பெற்றோருக்குப் பிறகு வரும் புது மனிதரிடம் வாழ ஓரளவாவது பிடிமானம் இருக்கும். பேசாமல் உட்காரவும் சொன்னபடி செய்யவும் மட்டுமே பழக்கப்பட்டவன், யார் என்ன செய்தாலும் தடுக்கத் தெரியாதவனாக வளர்ந்து நிற்பான். ஐந்து வயதில் எந்தத் தெரபி என்பதற்கும் ஐம்பது வயதில் பாதுகாப்பு என்பதற்கும் உள்ள தொடர்பு இது.

செய்யக்கூடியது என்ன? 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே போகத் தாய் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும், இரண்டு பேருந்து மாற வேண்டும், அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாவது தடவைக்குப் பிறகு பலர் வருவதில்லை. தமிழ்நாட்டில் 2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்துவருகிறார்கள். கோவாவில் செய்தது, வீட்டுக்கே போகும் இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் கையில் படமெடுக்கும் கருவியைக் கொடுத்ததுதான். ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து, முறையான பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து, மாவட்ட மையத்தின் உளவியலாளர் வாரம் ஒருமுறை அவர்களோடு அந்தப் படங்களைப் பார்க்க ஏற்பாடு செய்தால், நோயறிதலுக்கும் முதல் உதவிக்கும் இடையே இன்று வீணாகும் மாதங்களை மீட்கலாம். ஊக்கத்தொகை என்ற பெயரில் சில ஆயிரங்களைக் கொடுத்து இந்த வேலையையும் அவர்கள் தலையில் கட்டினால் இது நிற்காது. மூன்று மாவட்டங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்து, பலனோடு தீங்கையும் சேர்த்துப் பதிவுசெய்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். மதிப்பிடும் குழுவில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் பெற்றோரும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும்.